அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் உதவிப் பயிற்சியாளர் வேலை: நுழைவதும் நிலைப்பதும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று டென்னிஸ் உதவிப் பயிற்சியாளர் வேண்டும் என்று அறிவித்தால், வந்து குவியும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே பாட்டைப் பாடும்: எங்கே ஆடினேன், யாரை வென்றேன், தரவரிசையில் எதுவரை போனேன். தலைமைப் பயிற்சியாளர் அதைத் தேடுவதில்லை. தன் தலையில் இருக்கும் சுமையில் எதை இவர் இறக்கிக்கொள்வார் என்றுதான் பார்ப்பார். புதிய ஆட்டக்காரர்களைத் தேடுவது, கீழ்க் கோர்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது, மட்டைகளுக்கு ஸ்ட்ரிங் போடுவது, வேன் ஓட்டுவது, காகித வேலை: இந்த வேலையின் முக்கால் பங்கு இவைதான். பந்தை நன்றாக அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அது நுழைவுச் சீட்டு மட்டுமே.

முதலில் ஆட்டமுறை

தொழில்முறை டென்னிஸ் பார்த்து வளர்ந்தவருக்குக் கல்லூரி ஆட்டம் கொஞ்சம் குழப்பும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் இரண்டு அணிகள் மோதும்போது மொத்தம் 7 புள்ளிகள். தொடக்கத்தில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றும் ஆறு கேம் கொண்ட ஒரே செட், 6-6 ஆனால் டைபிரேக். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதலில் 4 புள்ளியைத் தொடும் அணி வெல்லும். அட்வான்டேஜ் கிடையாது. டியூஸ் (40-40) வந்தால் அடுத்த பாயிண்டோடு கேம் முடிந்தது. எந்தப் பக்கம் நின்று வாங்குவது என்பதை ரிட்டர்ன் செய்பவர் முடிவு செய்வார். ஆண்கள் முதல் பிரிவில் லெட்டும் (சர்வை மீண்டும் போடுவது) இல்லை: சர்வ் வலையில் உரசிக் கட்டத்துக்குள் விழுந்தால் ஆட்டம் அப்படியே தொடரும்.

இந்தக் கணக்கை மனத்தில் ஏற்றிக்கொண்டால் உங்கள் வேலையின் மதிப்பு புரியும். ஒன்றாம் கோர்ட்டில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் வெல்லும் புள்ளிக்கும், ஆறாம் கோர்ட்டில் முதலாண்டு மாணவர் வெல்லும் புள்ளிக்கும் ஒரே எடைதான். தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் மேல் கோர்ட்டுகளில் நிற்பார். 4, 5, 6 உங்களிடம் வரும். பார்வையாளர் கண் போகாத அந்த மூன்று கோர்ட்டுகளில்தான் பல ஆட்டங்கள் முடிவாகின்றன.

ஒற்றையர் வரிசையைத் திறமைப்படிதான் வைக்க வேண்டும். பலவீனமானவரை மேலே பலி கொடுத்துவிட்டுக் கீழே வலுவானவர்களை இறக்குவது விதிமீறல், எதிரணி முறையிடலாம். அதனால் இலையுதிர்கால முடிவுகள், பயிற்சியில் நடக்கும் சவால் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். வரிசை பற்றிக் கேள்வி எழும்போது அந்தத் தாள்தான் பேசும்.

எந்த வாசல் வழியாக நுழைவது

முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என என்.சி.ஏ.ஏ.வுக்கு மூன்று அடுக்குகள். அதற்கு வெளியே சிறு கல்லூரிகளின் என்.ஏ.ஐ.ஏ. இருக்கிறது, இரண்டாண்டுக் கல்லூரிகளின் என்.ஜே.சி.ஏ.ஏ. இருக்கிறது. முன்பெல்லாம் முதல் பிரிவில் சம்பளமில்லாத ‘வாலன்டியர்’ பயிற்சியாளராகப் பலர் நுழைந்தார்கள். 2023 ஜூலை 1 முதல் அந்த வகையே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்த வழியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

புதியவருக்கு இன்று நடைமுறையில் நல்ல வாசல் ‘கிராஜுவேட் அசிஸ்டென்ட்’ இடம். முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை செய்வீர்கள். கல்விக் கட்டணத்தில் முழுதோ பகுதியோ தள்ளுபடி, கூடவே சிறிய உதவித்தொகை. இரண்டாம் பிரிவிலும் என்.ஏ.ஐ.ஏ.விலும் இது அதிகம். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஆனால் அங்கே பல கல்லூரிகளில் ஆண், பெண் அணிகள் இரண்டையும் ஒரே தலைமைப் பயிற்சியாளர் நடத்துவதால் உதவியாளர் கையில் நிறையப் பொறுப்பு விழும்.

இதில் எங்கள் கருத்து தெளிவானது. பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் மூன்றாவது ஆளாகப் பந்து பொறுக்குவதைவிட, யாருக்கும் பெயர் தெரியாத சிறு கல்லூரியில் ஆள் தேடலை முழுதாகக் கையில் எடுப்பது மேல். இரண்டு வருடம் கழித்து அடுத்த வேலைக்குப் போகும்போது ‘இந்த நான்கு பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது நான்’ என்று சொல்ல ஏதாவது வேண்டும். ஆகவே வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது தலைமைப் பயிற்சியாளரைப் பாருங்கள். அவரிடம் முன்பு உதவியாளராக இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இருவர் மூவர் மேலே போயிருந்தால் அவர் கற்றுக்கொடுப்பவர். ஒவ்வொருவரும் ஒரே வருடத்தில் கிளம்பியிருந்தால், ஏன் என்று அவர்களிடமே தொலைபேசியில் கேட்டுவிடலாம். பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர் விசாக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். கிராஜுவேட் அசிஸ்டென்ட் இடம் அதற்குள் அடங்கும். படிப்பு முடிந்ததும் 12 மாத ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி உண்டு, ஆனால் செய்யும் வேலை படித்த துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். கணினி அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு ஓ.பி.டி.யில் டென்னிஸ் பயிற்சியாளராக இருக்க முடியாது. விளையாட்டு மேலாண்மை, உடலியக்கவியல், உடற்கல்வி போன்றவற்றில் சேருங்கள். அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசா. பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு வரம்பும் குலுக்கலும் இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் அவசியம் என்று காட்ட வேண்டும். பயிற்சியாளர் பதவிக்கு அதை நிறுவுவது எளிதல்ல. 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம், வெளிநாட்டில் இருப்பவரைப் புதிதாக எடுப்பதை இன்னும் கடினமாக்கிவிட்டது. நேர்காணல் முடிவதற்குள் “விசா ஆதரவு தந்த முன் அனுபவம் உங்கள் விளையாட்டுத் துறைக்கு உண்டா?” என்று நேராகக் கேளுங்கள்.

விண்ணப்பிக்கும்போது

அணிப் போட்டிகள் மே மாதத்தில் முடியும். மே முதல் ஆகஸ்ட் வரை ஆள் மாறும் காலம். இடங்கள் என்.சி.ஏ.ஏ. வேலைப் பக்கத்திலும், கல்லூரி டென்னிஸ் சங்கமான ஐ.டி.ஏ. பக்கத்திலும், பல்கலைக்கழகங்களின் சொந்தப் பக்கங்களிலும் வரும். ஆனால் பல இடங்கள் அறிவிப்பு வருமுன்பே வாய்வழியாகப் பாதி முடிவாகியிருக்கும். டிசம்பரில் நடக்கும் ஐ.டி.ஏ. பயிற்சியாளர் மாநாட்டுக்குப் போவது செலவுதான். போனால் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்க்கலாம்.

தன்விவரம் ஒரு பக்கம் போதும். ஆடிய சாதனைகள் கடைசியில் இரண்டு வரி. மேலே வர வேண்டியவை: ஸ்ட்ரிங் போடத் தெரியுமா, எந்த இயந்திரத்தில்; எத்தனை பேரை வைத்துப் பயிற்சி நடத்தியிருக்கிறீர்கள்; ஆள் தேடலில் என்ன செய்தீர்கள்; எந்த நாடுகளின் ஜூனியர் டென்னிஸ் உங்களுக்குப் பழக்கம். முதலுதவி, இதய இயக்க மீட்புப் பயிற்சி, சேஃப்ஸ்போர்ட் பயிற்சி (விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுப்பது) ஆகிய சான்றுகளை வேலை கிடைக்கும் முன்பே முடித்து வையுங்கள். பயிற்சியாளர் சங்கங்களான பி.டி.ஆர். அல்லது ஆர்.எஸ்.பி.ஏ. (முன்பு யு.எஸ்.பி.டி.ஏ. என்று இருந்தது) தரும் சான்றிதழ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாசல் அடைபடாது. ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால் பல இடங்களில் அடைபடும். சிறு கல்லூரிகளில் உதவியாளர்தான் வேன் ஓட்டுவார். அதற்கெனத் தனிப் பயிற்சியும் குறைந்தபட்ச வயதும் கேட்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய.

நேர்காணலில் கோர்ட்டில் ஒரு பயிற்சி நடத்திக் காட்டச் சொல்வார்கள். இங்கே தவறுகிறவர்கள் ஒரே மாதிரிதான் தவறுகிறார்கள்: தெரிந்ததையெல்லாம் நாற்பது நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு உரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் என்றால் இரண்டு கோர்ட், இரட்டையர், ஒரே கருப்பொருள். உதாரணத்துக்கு, இரண்டாவது சர்வுக்கு ரிட்டர்ன் அடித்ததும் முன்னேறுவது. விளக்கம் ஒரு நிமிடத்துக்குள். பிறகு பந்து பறக்கட்டும்; நீங்கள் கோர்ட் கோர்ட்டாகப் போய் ஒருவருக்கு ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள். பெயர்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். அணியின் இணையப் பக்கத்தில் படத்தோடு இருக்கும். அவ்வளவு எளிதான இந்த ஒன்றைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

ஆட்டக்காரர் தேடல்

வேலையின் நடுநரம்பு இது. தேதிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் பிரிவில், பள்ளி மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஜூன் 15 முதல் நீங்கள் அவரோடு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசலாம். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் நேரில் சந்திக்கலாம், அவர் கல்லூரிச் செலவில் வந்து பார்க்கலாம். அதற்கு முன்பு அவர் எழுதினாலும் நீங்கள் ஆட்டக்காரர் தேடல் பற்றிப் பதில் எழுத முடியாது. ஆண்டுக் காலண்டரில் நேரில் சந்திக்கவே கூடாத நாட்களும் உண்டு. இவற்றையெல்லாம் கண்காணிக்கும் ‘கம்ப்ளையன்ஸ்’ அலுவலகம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கும். சந்தேகம் வந்தால் செய்வதற்கு முன் கேளுங்கள், அதுவும் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கும்.

எண்களைப் படிக்கப் பழகுங்கள். ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் யு.டி.ஆர். மதிப்பு 1 முதல் 16.5 வரை போகும். கடந்த 12 மாத ஆட்டங்களில், எதிராளியின் தரத்தையும் வென்ற கேம்களின் விகிதத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. வேர்ல்டு டென்னிஸ் நம்பர் என்ற இன்னொரு தர எண், ஆட்டம் உயர உயர 40-இலிருந்து 1-க்கு இறங்கும். இரண்டுமே வடிகட்டத்தான் உதவும், தேர்ந்தெடுக்க உதவாது. இன்றைய எண்ணைவிட, ஒரு வருடத்தில் அது எந்தத் திசையில் போயிருக்கிறது என்று பாருங்கள். பதினேழு வயதில் வாரம் ஆறு நாள் அகாடமியில் ஆடி வந்த 11-ஐவிட, முழுநேரப் பள்ளியும் படித்துக்கொண்டு ஆடி வந்த 10.5-க்கு மேலே ஏற இடம் அதிகம்.

கலமசூவில் ஆகஸ்ட்டில் நடக்கும் பையன்கள் தேசியப் போட்டி, சான் டியேகோவில் பெண்கள் போட்டி, டிசம்பரில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்ச் பவுல் ஜூனியர் போட்டி: பயிற்சியாளர்கள் கூட்டமாகத் திரியும் இடங்கள் இவை. அங்கே போனால் முதல் செட்டில் 1-4 என்று பின்தங்கியிருப்பவரின் கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். இரண்டாவது சர்வ் எவ்வளவு ஆழம் விழுகிறது, தவறவிட்ட பந்துக்குப் பிறகு கண் எங்கே போகிறது, பெற்றோர் பக்கமா, தன் மட்டை நரம்புகள் பக்கமா என்று பாருங்கள். வென்றுகொண்டிருக்கும்போது எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்தான். போட்டி நடக்கும் இடத்தில், அவர் ஆட்டம் முழுதும் முடிந்து வெளியேறும் முன் போய்ப் பேச்சுக் கொடுப்பது விதிமீறலாகிவிடும், கைகுலுக்கக்கூடப் போகாதீர்கள்.

வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பெரும்பாலும் காணொளியில்தான் பார்ப்பீர்கள். வெட்டி ஒட்டிய இசை போட்ட வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோர்ட்டின் பின்புறம் உயரத்தில் கேமரா வைத்து எடுத்த, ஸ்கோர் தெரியும் ஒரு முழு செட் கேளுங்கள். தோற்ற செட்டாக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, பள்ளி முடித்த தேதி, வாங்கிய பரிசுப் பணம். கடைசி இரண்டும்தான் பலரைக் கவிழ்த்திருக்கின்றன. பள்ளி முடித்துவிட்டு ஒரு வருடம் போட்டி போட்டியாகச் சுற்றினால் கல்லூரியில் ஆடும் ஆண்டுகள் குறையலாம். பரிசுப் பணம் வாங்கியிருந்தால் அதற்கும் கணக்குக் கேட்கலாம். முதல் உரையாடலிலேயே இரண்டையும் கேட்டுக் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் பேசிப் பழகிவிட்டு, சேரும் நேரத்தில் தகுதியில்லை என்று தெரிய வருவதுதான் இந்த வேலையிலேயே கொடுமையானது.

சென்னையில் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு முறை என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றவர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் நம் ஊர்ப் பெற்றோர்கள் பேச்சைத் தொடங்குவார்கள், அடுத்த கேள்வி “ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம் கிடைக்கும் சார்?” என்பதாக இருக்கும். தமிழில் பேசுகிறோம் என்ற நெருக்கத்தில் வாய் தவறி ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். தொகையைச் சொல்ல வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர்; உறுதிப்படுத்துவது பல்கலைக்கழகம் தரும் நிதியுதவி ஒப்பந்தம். முன்பிருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற சேர்க்கை உறுதிக் கடிதம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டதால் இப்போது அந்த ஒப்பந்தம்தான் எல்லாம். சதவீதத்தைவிட, எல்லா உதவியும் போக ஆண்டுக்குக் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்ற டாலர் தொகையைக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு கல்லூரியின் நூறு சதவீதத்தில் தங்குமிடமும் காப்பீடும் அடங்கியிருக்கும்; இன்னொன்றில் அடங்கியிருக்காது.

2025 ஜூன் 6-இல் ஒப்புதல் பெற்ற, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்குத் தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்துள்ள முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர்தான் உச்சவரம்பு. முன்பு ஆண்கள் அணிக்கு 4.5, பெண்கள் அணிக்கு 8 முழு உதவித்தொகை என்று வரம்பு இருந்தது. இப்போது பத்துப் பேருக்கும் கொடுக்கலாம், பணம் இருந்தால். பெரும்பாலான இடங்களில் பணம் இல்லை. விளைவு, பதினோராவது ஆளாக உள்ளூர் மாணவரைச் சேர்த்து வளர்க்கும் வழக்கம் அங்கே முடிந்தது. இருவர் காயம்பட்டாலே அணி தடுமாறும். ஆடத் தகுதியாக ஐந்து பேர்தான் இருந்தால் ஆறாம் ஒற்றையரும் மூன்றாம் இரட்டையரும் ஆடாமலே எதிரணிக்குப் போய்விடும்.

பயிற்சி நேரம்

முதல் பிரிவில், போட்டிக் காலத்தில் வாரம் 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணிதான். மற்றக் காலத்தில் வாரம் 8 மணி. உடற்பயிற்சிக் கூடமும், வீடியோ பார்க்கும் கூட்டமும் இந்தக் கணக்கில் சேரும். வாராந்தரத் தாளை நிரப்புவது உங்கள் வேலை. ‘விருப்பப் பயிற்சி’ என்று பெயர் வைத்துவிட்டு யார் வந்தார்கள் என்று நீங்கள் குறித்துக்கொண்டால் அது விருப்பப் பயிற்சி இல்லை. மணி ஓடத் தொடங்கிவிட்டது.

பந்து எடுத்துக் கொடுப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூடையிலிருந்து கொடுக்கும்போது எல்லாப் பந்தையும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், நெஞ்சுக்கு நேராகக் கொடுப்பது புதியவரின் பழக்கம். ஆட்டத்தில் அப்படிப் பந்து வராது. ஆறு பந்துத் தொடர் என்றால் முதல் பந்து ஆழமாக, இரண்டாவது ஓரமாகக் குட்டையாக, மூன்றாவது கால் அருகில் என்று ஏதாவது ஒரு உண்மையான பாயிண்டின் வடிவில் கொடுங்கள். பந்துகளுக்கிடையே மீண்டும் நடுவுக்கு வர ஒன்றரை நொடி விடுங்கள். ஆறு முடிந்ததும் ஆட்டத்தில் கிடைக்கும் இடைவெளியான 25 நொடி ஓய்வு. இடைவெளி விடாமல் இருபது பந்து கொட்டினால் பார்க்கத்தான் உழைப்பு. நான்காவது பந்துக்குப் பிறகு கால் நகர்வதில்லை, கை மட்டும் வீசும்.

வாரத்தில் ஒரு நாளாவது முடிவுப் பாயிண்ட்டை மட்டும் பயிற்சி செய்யுங்கள். டியூஸிலிருந்து தொடங்கும் கேம்கள், வாங்குபவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார், தோற்றவர் வெளியே. அட்வான்டேஜ் இல்லாத ஆட்டத்தில் ஒரு செட்டில் மூன்று நான்கு முறை வரும் சூழல் இது. ஆனால் பல அணிகள் இதைத் தனியாகப் பழகுவதே இல்லை.

மட்டை நரம்பு

பத்துப் பேர், ஒருவருக்கு வாரம் இரண்டு மட்டைக்கு நரம்பு (ஸ்ட்ரிங்) போடுவது என்றால் இருபது. ஒன்றுக்கு 25 நிமிடம் வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். 200 மீட்டர் ரீல் வாங்கினால் மட்டைக்கு 12 மீட்டர் வீதம் பதினாறு போடலாம்; நீளத்தைச் சரியாக அளந்து வெட்டினால் பதினேழு வரும். நிதியாண்டு தொடக்கத்திலேயே ரீல் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். மார்ச் மாதத்தில் தீர்ந்துபோனால் அவசரத்துக்குக் கிடைப்பது வேறு வகையாக இருக்கும்; வேறு நரம்பில் ஆடிப் பழகாத பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

பாலியெஸ்டர் நரம்பு அறாவிட்டாலும் இழுவிசை இறங்கிவிடும். ‘இன்னும் அறவில்லையே’ என்று அதே மட்டையை மூன்று வாரம் ஆடுகிறவருக்குத்தான் முழங்கை வலி வரும். ஒவ்வொரு மட்டையின் கழுத்திலும் சிறு ஒட்டுத்தாளில் தேதி, இழுவிசைப் பவுண்டு, நரம்பின் பெயர் எழுதி ஒட்டுங்கள். கையால் சுற்றும் இயந்திரத்திலிருந்து மின் இயந்திரத்துக்கு மாறினால் அதே 52 பவுண்டும் இறுக்கமாகத் தெரியும். மின் இயந்திரம் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும், சுற்றும் இயந்திரம் எட்டியதும் பூட்டிக்கொள்ளும். மாற்றும் வாரத்தில் ஒன்றிரண்டு பவுண்டு குறைத்துத் தொடங்குங்கள். குளிர்ந்த உள்ளரங்கிலிருந்து வெயில் ஊருக்குப் போகும்போது எதிர்த்திசை: பந்து பறக்கும், ஒன்றிரண்டு கூட்டுங்கள். நரம்பு நடுவில் அறாமல் சட்டத்தின் ஓரத்திலேயே அறுகிறதென்றால் நரம்பைத் திட்டாதீர்கள். அந்த ஓட்டையின் பிளாஸ்டிக் குழாய் பிளந்திருக்கும், அதை மாற்ற வேண்டும்.

ஆட்ட நாள்

கல்லூரி டென்னிஸில் பாயிண்டுகளுக்கு இடையே பயிற்சியாளர் பேசலாம், ஆட்டத்தைத் தாமதப்படுத்தாத வரை. இந்தச் சுதந்திரம்தான் புதியவருக்குக் கண்ணி. மூன்று கோர்ட், மூன்று பிள்ளைகள். எல்லாருக்கும் எல்லாப் பாயிண்டுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றும். கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்; எதிராளியின் சர்வ் எங்கே விழுகிறது என்று வைட் (ஓரம்), பாடி (உடலுக்கு நேர்), டீ (நடுக்கோடு) என மூன்று கட்டங்களில் கோடு போடுங்கள். முடிவுப் பாயிண்டுகளுக்கு மட்டும் வேறு நிற மை.

ஐந்தாம் கோர்ட் என்று வைத்துக்கொள்வோம். அணிக் கணக்கு 3-3, மூன்றாவது செட்டில் 4-4, எதிராளி சர்வ், டியூஸ். உங்கள் ஆட்டக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறார். தாளில், எதிராளி அட்வான்டேஜ் (அட்) பக்கத்திலிருந்து, அதாவது கோர்ட்டின் இடப்பாதியிலிருந்து, போட்ட மூன்று முக்கிய சர்வுகளும் வெளியே வைடாகப் போயிருக்கின்றன. டியூஸ் பக்கத்தில் அவர் கலந்து போடுகிறார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அட் பக்கம் எடு. வைட் வரும். நடுவில் ஆழமா வை.” மூன்று சிறு வாக்கியம். “தைரியமா ஆடு” என்பதெல்லாம் அந்த 25 நொடியில் காற்றோடு போகும்.

பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை ஆட்டக்காரர்களே சொல்வது இங்கே வழக்கம், நடுவர் திருத்தலாம். எதிராளி ஏமாற்றுகிறார் என்று உங்கள் பிள்ளை கொதித்தால், நடுவரை அந்தக் கோர்ட்டில் வந்து நிற்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே எதிராளியிடம் பேசப் போகாதீர்கள்.

மழை வந்தால் உள்ளரங்கு. பல உள்ளரங்குகளில் நான்கு கோர்ட்தான் இருக்கும். முதல் நான்கு ஒற்றையர் முதலில் போக, ஐந்தும் ஆறும் கோர்ட் காலியாகும்வரை காத்திருக்கும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கூச்சலுக்கு நடுவே திடீரென்று இறங்க வேண்டிய அந்த இருவரும் உங்கள் பொறுப்பு. எந்த ஆட்டமாவது இரண்டாவது செட்டில் 4-ஐத் தொட்டதும் அவர்களை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஒரு வாழைப்பழம் கையில் கொடுங்கள்.

மறக்கக்கூடாத காகிதங்கள்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வகுப்புத் தவறும் கடிதங்கள் ஆசிரியர்களுக்குப் போக வேண்டும். ஓட்டல் அறைப் பட்டியல், உணவுத் தொகைக் கையெழுத்து, வேன் சாவி, ரசீதுகள் எல்லாம் ஒரே உறையில். ரசீது தொலைந்தால் உங்கள் பணம் போகும்.

இன்னும் இரண்டு விஷயங்களில் விளையாடக் கூடாது. ஒரு மாணவரோ மாணவியோ பாலியல் தொல்லை பற்றி உங்களிடம் சொன்னால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதைப் புகாரளிப்பது உங்கள் கடமை. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பேச்சு அந்தத் திசையில் திரும்பும்போதே உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். அடுத்தது பந்தயம். என்.சி.ஏ.ஏ. நடத்தும் விளையாட்டுகளில் பணம் கட்டுவது ஊழியர்களுக்குத் தடை. அலுவலக நண்பர்கள் பணம் போட்டு நடத்தும் கூடைப்பந்துக் கணிப்பும் அதில் அடங்கும். யாருக்குக் காயம், யார் இன்று ஆடவில்லை என்ற செய்தியை வெளியில் சொல்வதும் வேலையைப் பறிக்கும்.

சம்பளமும் அடுத்த படியும்

சிறு கல்லூரி உதவியாளர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது சிரமம். கோடை முகாம்களும் தனிப் பயிற்சியும் சேர்த்துத்தான் பலர் சமாளிக்கிறார்கள். விசாவில் இருப்பவருக்கு அந்த வருமானம் அனுமதிக்கப்படுமா என்பதை சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பயிற்சியாளரைக் கற்பிப்பவராகக் கருதிக் கூடுதல் நேர ஊதியம் தராமல் விட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. வாரம் அறுபது மணி வேலை செய்தாலும் தொகை மாறாது.

உதவியாளர், இணைத் தலைமைப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் என்று படி ஏறும். ஏறும்போது கேட்கப்படும் கேள்விகள் மூன்று: யாரைக் கொண்டுவந்தீர்கள், உங்கள் கோர்ட்டுகள் எத்தனை புள்ளி எடுத்தன, உங்களிடம் ஆடியவர்கள் பட்டம் முடித்தார்களா. இரண்டாவதற்கான எண்களை முதல் நாளிலிருந்தே நீங்களே குறித்துவந்தால்தான் உண்டு; வேறு யாரும் உங்களுக்காக வைத்திருக்க மாட்டார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் போனால் உதவியாளரும் போவது வழக்கம். புதியவர் தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். பல பல்கலைக்கழகங்களில் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது, ஒப்பந்தமும் அத்தோடு. ஆகவே வேலையில் சேரும்போதே மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: தலைமை மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதிவரை, கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்றால் அணி வேலை போனாலும் கட்டணத் தள்ளுபடி அந்தப் பருவம் முடியும்வரை நீடிக்குமா.